வுவாலா: ஒரு சொல்கூடப் புரியவில்லை, பாட்டு மட்டும் விடவே மாட்டேன் என்கிறது (தலைப்பு திருத்தப்பட்டது)

தாமதத்தூக்கம் | இரவு 1:12

வணக்கம் மக்களே. இரவு ஷிப்ட் முடிந்து வந்து, தட்டில் சோறு போட்டுக்கொண்டு யூடியூபைத் திறந்தேன். நான் பார்த்தது முடிந்து அடுத்தது தானாகவே ஓட ஆரம்பித்தது. இருட்டு மேடை, கறுப்பு உடையில் ஒரு பெண். கூட ஆட ஆளில்லை, தீப்பொறி இல்லை. அவள் பாட்டுக்கு நின்று பாடுகிறாள், காமெரா அவளைச் சுற்றிச் சுற்றி வருகிறது. மொழி பிரெஞ்சு. எனக்கு அதில் 'மெர்சி' தவிர ஒரு சொல்லும் தெரியாது.

மூன்று நிமிடம். முடிந்தபோது கையில் சாம்பார் காய்ந்து போயிருந்தது. மறுபடி போட்டேன். அப்புறம் இன்னொரு தடவை.

பாட்டின் பெயர் வோய்லா. பாடியவர் பார்பரா பிராவி. 2021 யூரோவிஷன் போட்டியில் (ஐரோப்பிய நாடுகள் ஆளுக்கொரு பாட்டை அனுப்பும் வருடாந்தரப் போட்டி) பிரான்சுக்காகப் பாடி இரண்டாம் இடமாம். எனக்கு இரண்டு கேள்வி. ஒன்று, இது ஏன் ஜெயிக்கவில்லை? இரண்டு, ஒரு சொல்லும் புரியாத எனக்கு இது ஏன் இப்படிப் பிடித்துப்போனது?

புதுவைக்காரன் | காலை 6:40

முதலில் பெயரைச் சரி செய்யுங்கள் தம்பி. வோய்லா இல்லை, வுவாலா. 'வு'வைச் சும்மா தொட்டுவிட்டு 'வா'வுக்கு ஓடிவிட வேண்டும்.

அந்தச் சொல்லைப் பிரித்தால் 'பார்' என்பதும் 'அங்கே' என்பதும் வரும். இரண்டும் ஒட்டி ஒரே சொல்லாகிவிட்டது. பள்ளியில் எங்களுக்கு 'இதோ' என்று பொருள் சொல்லிக் கொடுத்தார்கள். பரீட்சைக்கு அது போதும், ஆனால் சரியான தமிழ்ச் சொல் அது இல்லை. என் தாத்தா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். ஆழாக்கில் அரிசி அளந்து பானையில் கொட்டிவிட்டு 'வுவாலா' என்பார். பாட்டி கேட்ட சாவியை எடுத்து நீட்டும்போதும் வுவாலா. கடைசிச் சீட்டை மேசையில் அடித்து வைத்து எழுந்திருக்கும்போதும் வுவாலா. இந்த மூன்று இடத்திலும் பாட்டி சொல்லியிருக்கக்கூடிய ஒரே சொல் 'இந்தா'.

இப்போது பாட்டுக்கு வாருங்கள். அதில் அந்தப் பெண் தன்னை அரைப் பாடகி என்று சொல்லிக்கொள்கிறாள். என்னைக் கேளுங்கள், என்னைப் பாருங்கள், இதுதான் நான் என்கிறாள். அவ்வளவுதான் பொருள். தன்னையே எடுத்து நீட்டி 'இந்தா' என்கிற பாட்டு அது.

எதிர்க்கட்சி | காலை 9:05

//ஒரு சொல்லும் புரியாத எனக்கு இது ஏன் இப்படிப் பிடித்துப்போனது?//

ஏனென்றால் நீங்கள் கேட்கவில்லை, பார்த்தீர்கள். இருட்டு, ஒற்றை விளக்கு, பளபளக்கும் கண், சுற்றும் காமெரா. எந்த மொழியில் எதைப் பாடியிருந்தாலும் சாம்பார் காய்ந்திருக்கும். பிரெஞ்சு என்றாலே நமக்கு ஒரு மயக்கம் உண்டு. அதே பெண் அதே மெட்டில் மின்கட்டண ரசீதைப் படித்தாலும் 'ஆஹா, என்ன சோகம்' என்போம்.

போனைப் பையில் போட்டுவிட்டு ஒரு தடவை கேட்டுவிட்டு வாருங்கள். அப்புறம் பேசலாம்.

கணக்குப்பிள்ளை | காலை 10:31

முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. இரண்டாவது என் துறை இல்லை.

2021 மே 22, ராட்டர்டாம். ஒவ்வொரு நாட்டிலும் இசைத் துறையினர் அடங்கிய நடுவர் குழு ஒரு பக்கம், பொதுமக்கள் ஓட்டு ஒரு பக்கம், இரண்டுக்கும் சம எடை. நடுவர் புள்ளியில் சுவிட்சர்லாந்து 267, பிரான்ஸ் 248, மால்டா 208, இத்தாலி 206. கவனியுங்கள், இத்தாலி நாலாவது. அதற்குப் பிறகு மக்கள் புள்ளியை நடுவர் பட்டியலின் அடியிலிருந்து மேலாக அறிவிப்பார்கள். இத்தாலியின் மானெஸ்கின் குழுவுக்கு 318 வந்தது, கூட்டினால் 524. அப்புறம் மால்டாவுக்கு வெறும் 47. அடுத்தது பிராவி. அவர் ஜெயிக்க வேண்டியது 277. வந்தது 251. மொத்தம் 499.

ஆக 25 புள்ளியில் போச்சு. அது ஒன்றும் கேவலமான தோல்வி இல்லை. 251 என்பது நடுவர்கள் கொடுத்ததைவிட அதிகம். 'பிரெஞ்சுப் பாட்டு படித்தவர்களுக்குத்தான் பிடிக்கும்' என்று யாராவது ஆரம்பித்தால் இந்த எண்ணைக் காட்டுங்கள்.

இன்னொன்று. மூன்றாவது வந்த சுவிட்சர்லாந்துப் பாட்டும் பிரெஞ்சுதான். கொசோவோ வேர்களுள்ள கியோன் என்ற இளைஞர், சிறுவயதில் அவர் பாடியதைக் கேட்டுத் தாத்தா அழுதாராம். அதனால்தான் மேடைப் பெயரே கியோனின் கண்ணீர் என்ற பொருளில் வைத்திருக்கிறார். முதலிடம் இத்தாலியமொழி, இரண்டும் மூன்றும் பிரெஞ்சு. அந்த வருடம் முதல் மூன்றில் ஆங்கிலமே இல்லை.

லாசப்பல் | காலை 11:50

நான் பாரிசின் வடக்குப் புறநகரில் இருக்கிறன். அந்த இரவு எனக்கு நல்ல ஞாபகம். கொரோனாக் காலம். அந்தக் கிழமைதான், 19ஆம் திகதி, கஃபே வாசல்களில் கதிரை போட விட்டவை. ஊரடங்கை இரவு ஒன்பது மணிக்குத் தள்ளி வைத்தவை. யூரோவிஷன் இறுதிப் போட்டி தொடங்குவதும் ஒன்பது மணிக்கு! வெளியே போகவும் ஏலாது, எல்லாரும் வீட்டுக்குள்ளே, எல்லா ஜன்னலும் திறந்து கிடக்குது, எல்லா வீட்டுத் தொலைக்காட்சியிலும் ஒரே சத்தம்.

என்ர மகளுக்கு அப்ப பதினாறு வயது. யூரோவிஷன் எண்டால் அவவுக்குச் சிரிப்பு. கிழவர்கள் பார்க்கிறது எண்டு சொல்லுவா. பிராவி வந்தவுடனே போனைக் கீழே வைச்சவ. புள்ளி சொல்லும்போது எதிர் மாடியில இருந்து ஒரு ஆள் கத்தினது இன்னும் காதுக்குள்ளே நிக்குது. பிரான்சுக்கு 1991க்குப் பிறகு அவ்வளவு மேலே வந்த பாட்டே இல்லை, அதான்.

ஒரு விசயம், 'பிராவி' அவவின்ர சொந்தக் குடும்பப் பேர் இல்லை. அவவுக்கு சேர்பிய வேர், ஈரானிய வேர் இரண்டும் இருக்குது. சேர்பிய மொழியில் பிராவி எண்டால் 'உண்மையான' எண்டு அர்த்தம்.

எதிர்க்கட்சி | மதியம் 12:15

பேரும் உண்மையான, பாட்டும் இதுதான் நான். விளம்பரக் கம்பெனி நல்ல கம்பெனி போல.

லாசப்பல் | மதியம் 12:22

தம்பி, பாட்டை எழுதினவையில் அவவும் ஒரு ஆள். இன்னும் இரண்டு பேரோட சேர்ந்து எழுதினவ. அதுக்கு முதல் மற்றவைக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டு இருந்தவ. சிறுவர் யூரோவிஷனில் 2020 பிரான்ஸ் ஜெயிச்சது, அந்தப் பாட்டை எழுதினவையிலும் அவ ஒராள். அரைப் பாடகி எண்டு சொல்லுறது அதுக்குத்தான் எண்டு நான் நினைக்கிறன். விளம்பரம் இல்லை.

எதிர்க்கட்சி | மதியம் 12:25

சரிக்கா. வாபஸ்.

சுருதிப்பெட்டி | மதியம் 2:48

இரண்டாவது கேள்வி என் பக்கம். கீபோர்டு சொல்லித்தருகிறவள், இந்தப் பாட்டை ஒரு மாணவி கேட்டாள் என்று வாசித்துப் பார்த்திருக்கிறேன்.

கையால் தட்டிக்கொண்டே கேளுங்கள். மூன்று மூன்றாகப் போகும், வால்ட்ஸ் நடை. முதல் தட்டு கனம், மற்ற இரண்டும் லேசு. ஆரம்பத்தில் வாத்தியம் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை, பேசுவது போல் பாடுகிறார். பிறகு தந்தி வாத்தியங்கள் சேர்கின்றன. அதோடு காலம் ஏறுகிறது. இது ஒரே தாவலாக முதல் காலத்திலிருந்து இரண்டாம் காலத்துக்குப் போவது போல் இல்லை. சரிவில் சைக்கிள் போகிற மாதிரி, எங்கே வேகம் கூடியது என்று சொல்ல முடியாது, திடீரென்று பார்த்தால் மூச்சு வாங்குகிறது. கடைசியில் அந்த ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது சுற்றுகிற ராட்டினத்தில் உட்கார்ந்திருக்கிறோம்.

இந்த உத்தி புதிது இல்லை. பெல்ஜியத்தின் ஜாக் ப்ரெல் 1959லேயே வால்ட்ஸை ஓட ஓட வேகமாக்கி ஒரு பாட்டே செய்திருக்கிறார். பழைய பிரெஞ்சு ஷான்சோன் மரபு அது. சொல்தான் ராஜா, வாத்தியம் பின்னால் நடக்கும். பிராவியைக் கேட்டவர்கள் எல்லாம் பழைய பிரெஞ்சுப் பாடகி எடித் பியாஃபை நினைத்துக்கொண்டதற்கும் அதுதான் காரணம்.

ஆனால் ஒரு சங்கதி யாரும் கவனிப்பதில்லை. யூரோவிஷனில் 1999இலிருந்து நேரடி இசைக்குழு கிடையாது. வாத்தியம் எல்லாம் பதிவு செய்த டிராக். முக்கியப் பாடகர் குரல் மட்டும் நேரடி. பாட்டு மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது. அப்படியென்றால் அந்த வேகம் அவர் கையில் இல்லை! எங்கே ஏற வேண்டும், எவ்வளவு ஏற வேண்டும் என்று மாதக்கணக்கில் முன்பே உறைந்துபோன ஒன்று. கச்சேரியில் பாடகர் ஒரு கணம் தயங்கினால் மிருதங்கக்காரர் காத்திருப்பார். இங்கே டிராக் காத்திருக்காது. பேச்சுப் போல் அவ்வளவு இழுத்து, தயங்கி, மூச்சு விட்டுப் பாடுகிறவர் ஒவ்வொரு முறையும் அதே நொடியில் வந்து சேர வேண்டும். நமக்கோ அவர்தான் ஓட்டிக்கொண்டு போகிறார் என்று தோன்றுகிறது. எனக்கு அந்த மூன்று நிமிடத்தில் பெரிய விஷயம் இதுதான். காமெரா அதற்குப் பிறகு.

தாமதத்தூக்கம் | மாலை 4:10

அட. இது தெரிந்த பிறகு இன்னொரு தடவை கேட்க வேண்டும் போலிருக்கிறது. எதிர்க்கட்சி சொன்ன பரிசோதனையையும் இன்று பேருந்தில் செய்துவிடுகிறேன்.

அதற்குள் இன்னொரு கேள்வி. பிரெஞ்சுப் பாட்டு கடைசியாக இந்தப் போட்டியில் ஜெயித்தது 1988 என்று படித்தேன். ஏன் அதற்குப் பிறகு இல்லை? ஆங்கிலம் விழுங்கிவிட்டதா?

எதிர்க்கட்சி | மாலை 4:31

வேறென்ன. அவரவர் மொழியில்தான் பாட வேண்டும் என்ற விதியை எடுத்தார்கள், எல்லோரும் ஆங்கிலத்துக்கு ஓடினார்கள். பிரெஞ்சு காலி. இப்போது புள்ளி அறிவிக்கும்போது, ஒரு நாடு தரும் உச்சப் புள்ளியான பன்னிரண்டை 'தூஸ் புவான்' என்று சொல்வதற்கு மட்டும் பிரெஞ்சு வைத்திருக்கிறார்கள். கோயில் யானை மாதிரி, பார்க்க அழகு.

கணக்குப்பிள்ளை | மாலை 6:02

யானை உவமை நன்றாக இருக்கிறது, கணக்குத்தான் உதைக்கிறது.

அந்த விதி ஒரே சீராக இருந்ததில்லை. ஆரம்பத்தில் எழுதப்பட்ட விதியே கிடையாது. 1965ல் சுவீடன் ஆங்கிலத்தில் பாடியதும் அடுத்த வருடம் விதி வந்தது. 1973ல் எடுத்தார்கள், 1974ல் சுவீடனின் அப்பா (ABBA) குழு ஆங்கிலத்தில் ஜெயித்தது. 1977ல் மறுபடி போட்டார்கள், 1999ல் மறுபடி எடுத்தார்கள். ஆக 1989இலிருந்து 1998 வரை பத்து வருடம் விதி அமலில் இருந்தும் பிரெஞ்சு ஜெயிக்கவில்லை. அதற்கு ஆங்கில ஓட்டம் எப்படிக் காரணமாகும்?

என் கணக்கு வேறு. இதுவரை பிரெஞ்சுப் பாட்டுகள் ஜெயித்தது 14 முறை. அதில் பிரான்ஸ் 5, லக்ஸம்பர்க் 5, சுவிட்சர்லாந்து 2, மொனாக்கோ 1, பெல்ஜியம் 1. பிரான்ஸ் கொண்டுவந்தது பாதிகூட இல்லை. 1956ல் முதல் போட்டியில் மொத்தம் ஏழே நாடு. 1962ல் பதினாறு, அதில் பிரான்ஸ், பெல்ஜியம், சுவிட்சர்லாந்து, லக்ஸம்பர்க், மொனாக்கோ என்று ஐந்து நாட்டுக்குப் பிரெஞ்சு ஒரு வீட்டுமொழி. அதே காலத்தில் ஆங்கிலத்துக்குப் பிரிட்டன் மட்டும்தான், அயர்லாந்து வந்ததே 1965ல்.

அப்புறம் என்ன ஆனது? மொனாக்கோ 1979க்குப் பிறகு போய்விட்டது, நடுவில் மூன்று வருடம் தலை காட்டியதோடு சரி. லக்ஸம்பர்க் 1993க்குப் பிறகு போய்விட்டது, திரும்பி வந்ததே 2024ல். இன்னொரு பக்கம் கிழக்கு ஐரோப்பா முழுக்க உள்ளே வந்தது. 2021ல் 39 நாடு. பாட்டு மோசமாகவில்லை. பந்தியில் உட்கார்ந்த பிரெஞ்சு இலைகள் குறைந்துவிட்டன, அவ்வளவுதான்.

எதிர்க்கட்சி | மாலை 6:20

ஒரு ஓட்டை. பெல்ஜியம் போகவில்லையே? அங்கே பிரெஞ்சு பேசுகிற பகுதி இருக்கிறதே?

கணக்குப்பிள்ளை | மாலை 6:34

நல்ல ஓட்டை. அங்கே இரண்டு ஒலிபரப்பு நிறுவனம், ஒன்று பிளெமிஷ் பக்கம், ஒன்று பிரெஞ்சுப் பக்கம். மாறி மாறிப் பாட்டை அனுப்புவார்கள். பிரெஞ்சுப் பக்கத்து முறை வந்த 2015லும் 2017லும் இரண்டு பேருமே ஆங்கிலத்தில் பாடினார்கள். இரண்டு பேருமே நான்காம் இடம். ஆக இந்த ஒரு விஷயத்தில் உங்கள் பக்கம் உண்மை இருக்கிறது, எழுதிக்கொள்ளுங்கள்.

புதுவைக்காரன் | மாலை 7:15

லக்ஸம்பர்க் 5 என்றீர்களே, அதில் ஒரு வேடிக்கை. அந்த ஐந்து முறையும் பாடியவர்களில் ஒருவர்கூட லக்ஸம்பர்க்காரர் இல்லை. நான்கு பேர் பிரெஞ்சுக்காரர்கள், 1972ல் பாடிய விக்கி லியான்ட்ரோஸ் கிரேக்கப் பெண். மொனாக்கோவுக்கு 1971ல் பாடியவரும் பிரெஞ்சு. 1988ல் சுவிட்சர்லாந்துக்கு ஜெயித்துக் கொடுத்தவர் கனடாவின் செலின் தியோன், வயது இருபது. ஆங்கிலத்தில் அவர் முதல் ஆல்பம் வந்ததே 1990ல்தான். வாடகை வீடு, வாடகைக் குரல்.

எனக்கு இதில் எல்லாவற்றையும்விடப் பிடித்தது 1965. லக்ஸம்பர்க்குக்குப் பாடியவர் பிரான்ஸ் கால் (France Gall) என்ற பெண், வயது 17, நேப்பிள்ஸ் நகரம், பாட்டு எழுதியவர் செர்ஜ் கென்ஸ்பூர். தலைப்பிலேயே சிலேடை. 'மெழுகுப் பொம்மை' என்பது முதல் பாதி. பிரெஞ்சில் 'சோன்' என்றால் தவிடு, ஒலி என்றும் பொருள். ஆக இரண்டாம் பாதி தவிடு அடைத்த பொம்மையா, ஒலியால் ஆன பொம்மையா? மெழுகு என்றால் பொம்மை மட்டுமா, இசைத்தட்டுமா? காளமேகம் பார்த்திருந்தால் தோளில் தட்டிக் கொடுத்திருப்பார். காதலைப் பற்றிப் பாடுகிறேன், காதல் என்றால் என்னவென்று எனக்கே தெரியாது என்று ஒரு பொம்மை பாடுகிறது. அதைப் பாடுவது நிஜமாகவே வேறொருவர் எழுதிக் கொடுத்ததைப் பாடும் ஒரு பதினேழு வயதுப் பெண். குத்தல் யாருக்கு என்று யோசித்துக்கொண்டே இருக்கலாம்.

சரியாக 60 வருடம் கழித்து 2025ல் லக்ஸம்பர்க் இதற்குப் பதில் அனுப்பியது. லாரா தோர்ன் பாடிய பிரெஞ்சுப் பாட்டின் தலைப்பு, 'பொம்மை சத்தத்தைக் கூட்டுகிறாள்'. அதே 'சோன்'. ஆனால் இந்தத் தடவை தவிடு இல்லை.

லாசப்பல் | இரவு 8:05

ஐயா, இது எனக்கு இவ்வளவு வருசமாத் தெரியாது. மகளிட்டக் கேட்டன், 'தெரியும்தானே அம்மா' எண்டு சொல்லிப்போட்டுப் போட்டா.

சுருதிப்பெட்டி | இரவு 8:40

சிலேடை பேசும்போது இதையும் சொல்லிவிடுகிறேன், மாணவிக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும்போது தலையை உடைத்துக்கொண்டது.

பிரெஞ்சில் நிறையச் சொற்கள் எழுத்தில் 'e' என்று முடியும், பேச்சில் அது ஊமை. பாட்டில் மட்டும் அதற்கு உயிர் வந்துவிடும், தனியாக ஒரு ஸ்வரமே கொடுப்பார்கள். பேச்சில் 'ஃப்ரான்ஸ்' என்பது பாட்டில் 'ஃப்ரான்-ஸெ' ஆகும். நம் குற்றியலுகரம் ஞாபகம் வந்தது. 'பாட்டு' என்று பேசும்போது கடைசி உகரம் பாதி மூச்சு. மேடையில் அதையே நாலு அட்சரம் இழுக்கலாம். எனக்கு அந்த இடங்கள் காதுக்கு அந்நியமாகவே படவில்லை. பொருள் தெரியாது, ஆனால் எங்கே வாய் மூட வேண்டுமோ அங்கே திறந்தே இருக்கிறது.

புதுவைக்காரன் | இரவு 9:02

ஒப்பீடு அழகு, ஆனால் பாதிதான் பொருந்தும் அம்மா. பிரெஞ்சு யாப்பில் அந்த ஊமை எழுத்து அசைக் கணக்கை நிரப்ப வருகிறது. நம் யாப்பில் தளை தட்டினால் குற்றியலுகரத்தைக் கணக்கிலேயே சேர்க்காமல் விடலாம். அங்கே இல்லாததைக் கூட்டுகிறார்கள், இங்கே இருப்பதைக் கழிக்கிறோம்.

சுருதிப்பெட்டி | இரவு 9:10

ஐயோ, இலக்கண வகுப்பு :-) ஒத்துக்கொள்கிறேன். இசையில் மட்டும் என் பக்கம்.

தாமதத்தூக்கம் | இரவு 11:58

பரிசோதனை முடிவு. 70ஆம் எண் பேருந்து, ஜன்னலோரம், போன் சட்டைப்பையில், காதில் ஹெட்செட். வீடியோ இல்லை.

முதல் ஒரு நிமிடம் எதிர்க்கட்சி ஜெயித்தார் என்றே நினைத்தேன். கண்டக்டர் சீட்டு கேட்டார், யாரோ பையை மடியில் வைத்தார்கள், பாட்டு எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் வேகம் ஏற ஆரம்பித்த இடத்தில் சுருதிப்பெட்டி சொன்னதைத் தேடினேன். எங்கே ஏறியது என்று பிடிக்க முடியவில்லை. பிடிக்க முடியவில்லை என்பதை உணர்ந்தபோது கால் தானாக மூன்று மூன்றாகத் தட்டிக்கொண்டிருந்தது. நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி ஒரு நிறுத்தம் போய்விட்டேன். நடந்து வந்தேன்.

காமெரா இல்லாமல் ஒன்று புதிதாகக் கேட்டது, மூச்சு. வரிக்கு வரி மூச்சு இழுக்கும் சத்தம். வீடியோவில் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அது காதில் விழவே இல்லை.

எதிர்க்கட்சி | இரவு 12:20

பாதி வெற்றி எனக்கு, பாதி உங்களுக்கு. ஆனாலும் நடுவர்களுக்குப் பிடித்த பிரெஞ்சுப் பாட்டு மக்களுக்குப் பிடிக்காது என்று நினைக்கிறேன். 2021 விதிவிலக்கு. 2025ல் சுவிட்சர்லாந்து?

கணக்குப்பிள்ளை | காலை 9:15

அதைக் கேட்பீர்கள் என்று தெரியும். பாஸல் நகரம், சொந்த மண், ஸோயி மே என்ற பெண், பிரெஞ்சுப் பாட்டு. நடுவர்கள் 214 கொடுத்தார்கள். மக்கள் கொடுத்தது பூஜ்யம். ஒரு நாடுகூட ஒரு புள்ளி தரவில்லை. மனசு கேட்காது அதைப் பார்த்தால்.

ஆனால் எனக்கு இன்னொரு ஸோயியைத் தெரியும். 2016, ஸ்டாக்ஹோம், ஆஸ்திரியா. ஜெர்மன் பேசுகிற நாடு பிரெஞ்சுப் பாட்டை அனுப்பியது! வியன்னாவில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த பெண். அவருக்கு நடுவர்கள் 31, மக்கள் 120. அப்படியே தலைகீழ். ஒரே மொழி, ஒரே பெயர், எதிரெதிர் முடிவு. 2024ல் ஸ்லிமான் பிரான்சுக்காகப் பாடும்போது மைக்கை விட்டுப் பின்னால் நடந்துபோய் வெறும் தொண்டையில் பாடினாரே, அவருக்கு 445 வந்து நான்காம் இடம். மொழியை வைத்து இதில் எந்தச் சூத்திரமும் நிற்காது.

நிஜமாகவே அநியாயம் நடந்தது என்றால் அது 1991. ரோம் நகரில் பிரான்சுக்காகத் துனிசியாவில் பிறந்த அமினா பாடினார். சுவீடனின் கரோலாவும் இவரும் ஆளுக்கு 146. 1969ல் நான்கு நாடு சேர்ந்து முதலிடம் வந்த கூத்துக்குப் பிறகு, சமன் வந்தால் பிரிக்க விதி வைத்திருந்தார்கள். உச்சப் புள்ளியான பன்னிரண்டை அதிக நாடுகளிடம் வாங்கியவர் யார்? இருவருக்கும் நான்கு. சரி, அதற்கு அடுத்த பத்து யாருக்கு அதிகம்? கரோலாவுக்கு ஐந்து, அமினாவுக்கு இரண்டு. போச்சு. பின்னாளில் விதியை மாற்றி எத்தனை நாடுகள் புள்ளி கொடுத்தன என்பதை முதலில் பார்க்க ஆரம்பித்தார்கள். அப்படிப் பார்த்தால் அமினாவுக்கு 18 நாடு, கரோலாவுக்கு 17. பிரெஞ்சு வறட்சி 1988இல் தொடங்காமல் 1991இல் தொடங்கியிருக்கும்.

லாசப்பல் | காலை 10:02

இது பாவம். மூன்று வருசம் பிந்தினாலும் வறட்சி வறட்சிதானே எண்டு நினைக்காமல் இருக்க முடியேல்லை, ஆனாலும் பாவம்.

தாமதத்தூக்கம் | மதியம் 1:30

தலைப்பைத் திருத்திவிட்டேன், புதுவைக்காரன் ஐயா. வோய்லா போய் வுவாலா வந்தாச்சு.

நேற்று இரவு மறுபடி ஓடிக்கொண்டிருந்தபோது அம்மா எழுந்து வந்தார். 'என்னடா சொல்றா அவ, சொன்னதையே சொல்லிட்டு?' என்றார். 'இந்தா'ங்கிறாம்மா என்றேன். 'யாருக்கு? எதை?' என்றார். எனக்குப் பதில் வரவில்லை. 'சரி, தட்டைக் கழுவிட்டுப் படு' என்று போய்விட்டார்.

எதிர்க்கட்சி | மதியம் 2:11

அம்மா கேட்டதுதான் கேள்வி :-)

கணக்கு அண்ணே, அந்த 1991 பாட்டின் பெயர் என்ன? தேடிப் பார்க்கிறேன்.

கணக்குப்பிள்ளை | மதியம் 2:40

'ஸெ லெ தெர்னியே கி அ பார்லே கி அ ரெஸோன்'. புதுவைக்காரன் ஐயா உச்சரிப்பைத் திருத்துவார்.

புதுவைக்காரன் | மதியம் 3:05

ஏறக்குறைய சரி. பொருள், 'கடைசியாகப் பேசியவர் சொல்வதே நியாயம்'.

எதிர்க்கட்சி | மதியம் 3:07

அப்படியா! அப்படியென்றால் இந்த இழையில் நான் கடைசி. யாரும் இதற்குக் கீழே எழுத வேண்டாம்.

லாசப்பல் | மதியம் 3:09

சரி தம்பி.

மட்டுறுத்துநர் | மாலை 5:00

இழை பூட்டப்பட்டது.